உரிமையாளர் பெயர்

ஓசூர்
2-12-1955

அன்புள்ள தம்பி நாராயணப்பனுக்கு அண்ணி செல்வம்மாள் எழுதுவது. நான் சுகம். நீயும் சரோஜாவும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். சின்னவனுக்கு இருமல் நின்றதா?

சுகம் விசாரித்தாகிவிட்டது. இனி சண்டை.

போன வியாழக்கிழமை காலையில் பஞ்சாயத்து போர்டு பில் கலெக்டர் இரண்டு ஆட்களோடு ஜப்தி நோட்டீசைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்து லைன் வீட்டுக்கும் மூன்று அரையாண்டாக வீட்டுவரி பாக்கியாம். நான் வாயைத் திறப்பதற்குள் என் பித்தளை அண்டாவைத் தெருவில் உருட்டிவிட்டார்கள். நாலு வீட்டுக் குடித்தனக்காரரும் வாசலில் நின்று பார்த்தார்கள். மூன்றாம் வீட்டு கிருபாராணி டீச்சர் தன் சம்பளப் பணத்தை எடுத்து நீட்டியதால் அண்டா திரும்பி வந்தது.

மாதம் தவறாமல் முதல் ஞாயிறு பஸ்ஸில் வந்து நாலு வீட்டு வாடகையையும் வாங்கிப் போகிறாயே, வரி எங்கே போயிற்று? அதைக்கூட விடு. நோட்டீசில் உரிமையாளர் பெயர் நாராயணப்பன் என்று இருக்கிறது. அது எப்படி என்று கேட்டேன். "உங்க வீட்டுக்காரரு செத்த மூணாம் மாசமே மாத்தியாச்சேம்மா. நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க, தெரியாதா?" என்றார் பில் கலெக்டர். வரி கட்டுவதற்கான காகிதம் என்று சொல்லித்தானே அன்று கையெழுத்து வாங்கினாய்?

உன் அண்ணன் பர்கூர்ப் பாறையில் கல் உடைத்து, சர்க்கார் பாலங்களுக்கு ஏற்றி, அந்தக் காசில் வாங்கிய இடம் இது. பிள்ளை இல்லாதவள் என்பதால் எனக்கு வீடும் இல்லை என்று ஆகிவிடாது. இந்த மாதம் முதல் வாடகையை நானே வாங்கிக்கொள்கிறேன். பார்க்க வருவதானால் வா, சோறு போடுகிறேன். வசூலுக்கு வராதே.

இப்படிக்கு,
அண்ணி செல்வம்மாள்


பெங்களூர்
13-12-1955

மரியாதைக்குரிய அண்ணியார் சமூகத்துக்கு நாராயணப்பன் அநேக நமஸ்காரம். இவ்விடம் எல்லோரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும். சின்னவனுக்கு இருமல் தேவலை.

தாங்கள் கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். அண்டா விஷயம் கேட்டு மனம் வருந்தினேன். வரி கட்டாமல் போனது ஆபீஸ் வேலைப்பளுவால் நேர்ந்த சிறு மறதி.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பதினான்கு வருஷமாக வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு அது கொஞ்சம் தெரியும். பிள்ளை இல்லாத விதவைக்குப் புருஷன் சொத்தில் ஆயுள் வரை அனுபவ பாத்தியம் மட்டுமே. விற்கவோ எழுதி வைக்கவோ முடியாது. தங்களுக்குப் பிறகு அது எனக்குத்தான் வரும். பிற்பாடு வரப்போவதை இப்போதே என் பெயரில் ஒழுங்கு செய்தேன். இதில் என்ன தப்பு?

இன்னொன்று. மாநில எல்லைகளை மாற்றப் போகிறார்கள். ஓசூர் மைசூர் ராஜ்யத்தோடு சேரும் என்று இங்கே கோர்ட்டு வளாகம் முழுக்கப் பேச்சு. அப்போது இந்த மதராஸ் ஆபீஸ் காகிதமெல்லாம் கடலை மடிக்கத்தான் ஆகும். ஆகவே வீண் அலைச்சல் வேண்டாம். பெண்பிள்ளைகள் ஆபீஸ் படி ஏறுவது நம் குடும்பத்தில் வழக்கமும் இல்லை. ஜனவரி முதல் ஞாயிறு வழக்கம்போல் வருகிறேன்.

தங்கள் விதேயன்,
நாராயணப்பன்


ஓசூர்
22-12-1955

தம்பி நாராயணப்பனுக்கு,

நலம். பனி அதிகம், அவ்வளவுதான். சரோஜாவுக்கு நீலக் கம்பளி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ எழுதுவதற்கு முன்பே ஏறிவிட்டேன். பஞ்சாயத்து ஆபீசுக்கு மூன்று படிதான் இருக்கிறது. நம் குடும்பத்துப் பெண்களை அந்த மூன்று படிதான் இத்தனை நாள் தடுத்ததா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

பெயர் மாற்ற மனுவைக் கிருபாராணி டீச்சர் எழுதிக் கொடுத்தார். கிரயப் பத்திரத்தையும் உன் அண்ணனின் மரணச் சான்றையும் வைத்தேன். குமாஸ்தா கட்டம் போட்ட பாரத்தை எடுத்து, "உரிமையாளர் பேரு யாரு போடறது? மகன் கிகன் யாராச்சும்?" என்றார். "செல்வம்மாள்னு போடுங்க. எழுத்து தெரியலைன்னா நான் சொல்றேன்" என்றேன். பேனாவை எடுத்தார்.

டீச்சர் கொடுத்த பணத்தைத் திருப்பிவிட்டு, மீதிப் பாக்கி வரியையும் நானே கட்டினேன். இந்த மாத வாடகையை நாலு பேரும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கால்நடைப் பண்ணையில் வேலை செய்கிற ஐந்தாம் வீட்டு ஆஞ்சப்பன், "இனிமே உங்ககிட்டதானுங்களாம்மா? அப்ப ஓட்டை மாத்திக் குடுங்க, தலைமேலயே ஒழுகுது" என்றான். மூன்று மழைக்காலம் உன்னிடம் சொன்னானாம். மறுநாளே ஓடு மாற்றிவிட்டேன்.

சட்டம் எனக்கு ஆயுள் வரை என்று சொல்கிறதா? நல்லது. நான் சீக்கிரம் சாகிற உத்தேசத்தில் இல்லை.

அண்ணி


பெங்களூர்
6-2-1956

அண்ணியார் அவர்களுக்கு நாராயணப்பன் நமஸ்காரம். பொங்கலுக்குக் கடிதம் எழுத முடியவில்லை. தேகம் சுகந்தானே?

தாங்கள் போட்ட மனுவுக்கு ஆட்சேபணை கொடுத்திருக்கிறேன். பின்னால் தெரிந்து வருத்தப்பட வேண்டாம் என்று அதன் சாரத்தைத் தெரிவிக்கிறேன். மேற்படி ஐந்து வீடுகளும் என் அனுபவத்தில் உள்ளவை. விதவையான அண்ணிக்குத் தங்குவதற்கு ஒரு வீட்டைத் தர்மமாகக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு வேறு உரிமை இல்லை. இவ்வளவே. கோர்ட்டு பாஷை அப்படித்தான் இருக்கும். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கள் தங்கை பெண்ணின் காதுகுத்துக்குத் தாங்கள் அஞ்செட்டி போயிருந்தபோது ஓசூர் வந்தேன். ஆஞ்சப்பன் பண்ணைக் குவார்ட்டர்சுக்குக் குடிபோனதால் காலியாய் இருந்த ஐந்தாம் வீட்டுக்கு என் பூட்டைப் போட்டிருக்கிறேன். இங்குள்ள பட்டு வியாபாரி ஒருவர் சித்திரையில் வருவார். நல்ல அட்வான்ஸ் தருகிறார்.

முடிவாக ஒன்று சொல்கிறேன். வீடுகளில் தங்களுக்கு உரிமை இல்லை என்று தாங்கள் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் மாதம் பதினைந்து ரூபாய் மணியார்டர் செய்கிறேன். குடும்ப மானம் காப்பாற்றப்படும்.

நாராயணப்பன்


ஓசூர்
12-2-1956

நாராயணப்பனுக்கு,

தேகம் சுகம். உன் கடிதத்தைப் படித்த பிறகு கொதிக்கிறது, ஆனால் அது காய்ச்சல் இல்லை.

தர்மமா? எனக்கா? அந்த வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது மண் சுமந்தவள் நான். நீ அப்போது உன் அண்ணன் காசில் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தாய். மறந்திருந்தால் உன் கையெழுத்தைப் பார். அந்தக் காசு படிக்க வைத்த எழுத்துத்தான் எனக்குத் தர்மம் போட்டதாக எழுதுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாமாம்! வைத்துக்கொள்வேன்டா. நல்லபடியாக வைத்துக்கொள்வேன்.

பத்திரம் எழுத மாட்டேன். பதினைந்து ரூபாயை வைத்து நீ ஒரு நல்ல பூட்டாக வாங்கிக்கொள்.

பூட்டைச் சொன்னதும் நினைவு வருகிறது. நேற்று தாலுகா ஆபீஸ் சேவகர் வந்து ஐந்தாம் வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். வாடகை வீடு காலியானால் ஏழு நாளுக்குள் உரிமையாளர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு வீடு கிடைக்காத நாளில் பூட்டி வைத்தது குற்றம், காரணம் சொல்லு என்று கேட்டிருக்கிறார்கள். பஞ்சாயத்துப் புத்தகத்தில் இன்னும் உன் பெயர் இருப்பதால் உன் பெயருக்குத்தான் வந்திருக்கிறது. பிய்த்து இத்துடன் வைத்திருக்கிறேன். உரிமையாளர் நீதானே? பதில் எழுது.

செல்வம்மாள்


பெங்களூர்
18-3-1956

என் தாய்க்குச் சமானமான அண்ணியார் அவர்களுக்கு நாராயணப்பன் அநேகங்கோடி நமஸ்காரம். தங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வெயில் ஆரம்பித்துவிட்டது, மோர் நிறையச் சாப்பிடவும். ஓசூர் பஸ் கண்டக்டரிடம் ஒரு கூடை திராட்சை கொடுத்தனுப்பியிருக்கிறேன். சரோஜா தங்களை ரொம்ப விசாரித்தாள்.

கோபதாபமெல்லாம் குடும்பத்தில் சகஜம். ஐந்தாம் வீட்டுச் சாவியையும் கூடையில் வைத்திருக்கிறேன். தங்களிடமே இருக்கட்டும்.

தாலுகா ஆபீசில் யாராவது ஏதாவது கேட்டால் 'ஆமாம்' என்று மட்டும் சொல்லவும். அதிகம் பேச வேண்டாம்.

தங்கள் அன்பு மைத்துனன்,
நாராயணப்பன்


ஓசூர்
2-4-1956

தம்பி நாராயணப்பனுக்கு,

நலம். உண்மையாகவே நலம். திராட்சை கொஞ்சம் புளிப்பு. சாவி வந்தது.

தாலுகா ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். நீ சொன்னபடியே 'ஆமாம்' என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்பதை உனக்குத் தெரிவிக்க வேண்டாமா?

அதிகாரி உன் பதிலை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "மேற்படி ஐந்து வீடுகளுக்கும் உரிமையாளர் காலஞ்சென்ற என் அண்ணன் சென்றாயனின் மனைவி செல்வம்மாளே. அவரே சாவி வைத்துக்கொண்டு, வாடகை வசூலித்து, வரி செலுத்தி, சர்வ சுதந்திரமாய் அனுபவித்து வருகிறார். எனக்கு இவற்றில் எவ்வித உரிமையோ அனுபவமோ கிடையாது. காலியிடம் தெரிவிக்காத குற்றம் அவரையே சேரும்." கீழே சத்தியப் பிரமாணம், உன் கையெழுத்து, தேதி.

"இது நிசந்தானாம்மா?" என்றார். "ஆமாம்" என்றேன்.

அவருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "உங்க கொழுந்தனாரு உங்களை நல்லா மாட்டி உட்டிருக்காரு. எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்கன்னு சொல்லிடுங்க. எச்சரிக்கை பண்ணி அனுப்பிச்சுடறேன்" என்றார்.

"வேண்டாங்க. அபராதம் போடுங்க."

"என்னது?"

"உரிமையாளர்னா உரிமையாளர்தானுங்க. வீடு பூட்டிக் கெடந்தது நெசம். அபராதம் போட்டு, உரிமையாளர் செல்வம்மாள் கட்டினாங்கன்னு சீல் வெச்ச ரசீது குடுங்க."

ஆபீசே சிரித்தது. இருபத்தைந்து ரூபாய் போட்டார். இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு காசும் செலவழித்ததில்லை. வெளியே வந்து ஸ்டாம்பு வாங்கி ஒட்டி, உன் பதிலுக்குச் சீல் வைத்த நகல் கேட்டு அங்கேயே மனுப் போட்டேன். நாலாம் நாள் கிடைத்தது.

நேரே பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய், உன் ஆட்சேபணைக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். ஒன்றில் வீடெல்லாம் உன் அனுபவம், எனக்குத் தர்மம். இன்னொன்றில் எல்லாம் என் அனுபவம், உனக்கு ஒன்றும் கிடையாது. இரண்டிலும் ஒரே கையெழுத்து. ஒரு தெரு தள்ளித்தான் இரண்டு ஆபீசும் இருக்கின்றன, நாராயணப்பா. ஒன்றில் கொடுத்தது இன்னொன்றுக்குத் தெரியாது என்று எப்படி நினைத்தாய்? எப்படியும் ஓசூர் மைசூருக்குப் போகும், இந்தக் காகிதமெல்லாம் கடலைக்காரனிடம் போகும் என்றுதானே?

ஐந்தாம் வீட்டை ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு ஒதுக்கிவிட்டார்கள். நல்ல மனுஷன். உன் பட்டு வியாபாரியிடம் சொல்லிவிடு.

அண்ணி செல்வம்மாள்


பெங்களூர்
27-5-1956

அண்ணியார் அவர்களுக்கு,

சுகம், சுகத்துக்கு எழுதவும். இரண்டு மாதமாகக் கடிதம் போடாததற்கு மன்னிக்கவும்.

நடந்தது நடந்துவிட்டது. நாம் ஒரே குடும்பம். பழசைக் கிளற வேண்டாம். மாதம் முப்பது ரூபாயாகவே தருகிறேன். விடுதலைப் பத்திரத்தைத் தயாராய் எழுதி வைத்திருக்கிறேன். ஆனி பிறப்பதற்குள் தாங்கள் ஒரு நடை சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு வந்தால் போதும். நானே வாடகைக் கார் வைத்து அழைத்துப் போகிறேன். ஆனிக்கு அப்புறம் நாள் சரியில்லை என்று ஜோசியர் சொல்கிறார்.

தாங்கள் கையில் வைத்திருக்கும் நகலை யாரிடமும் காட்ட வேண்டாம். எங்கள் வக்கீல் ஐயா கண்ணில் பட்டால் என் வேலைக்கு ஆபத்து. மூன்று குழந்தைகள் இருக்கின்றன.

தயவுசெய்து உடனே பதில்.

நாராயணப்பன்


ஓசூர்
25-6-1956

நாராயணப்பனுக்கு,

நான் சுகம். குழந்தைகள் சுகமாக இருக்க வேண்டும். இதை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை.

ஆனி பிறந்து பத்து நாளாகிவிட்டது. வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. உன் ஜோசியர் யார் என்று எனக்குத் தெரியும். டெல்லியில் இருக்கிறார். போன மாதமே இந்து வாரிசுச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிவிட்டது, அமலுக்கு வருவதற்குள் என்னிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று துடித்தாய். கிருபாராணி டீச்சர் பேப்பரை மூன்று தடவை படித்துச் சொன்னார். பதினேழாம் தேதி சட்டம் வந்துவிட்டது. பெண்ணின் அனுபவத்தில் இருக்கும் சொத்துக்கு இனி அவளே முழு உரிமையாளர். ஆயுள் வரை என்ற பேச்சே இல்லை. விற்கலாம், எழுதி வைக்கலாம், இடித்தும் போடலாம். என் அனுபவத்தில்தான் இருந்தது என்று நீயே சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாய். கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலிடம் காட்டினேன். "இவ்வளவு சுத்தமா நான்கூட எழுதியிருக்க மாட்டேன்" என்றார்.

பஞ்சாயத்து உத்தரவும் வந்துவிட்டது. ஐந்து கதவு எண்ணுக்கும் என் பெயர்.

நகலை உன் வக்கீலுக்கு அனுப்ப மாட்டேன். உன் குழந்தைகள் சோற்றில் நான் மண் போடுகிறவள் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் அண்ணன் போன பிறகு, எனக்கென்று ஓர் ஆண்பிள்ளை இருக்கிறான் என்று உன்னைத்தான் நினைத்தேன். நீ நீட்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். வீடு போயிருந்தால்கூட ஆறியிருக்கும். எனக்கு அபராதம் விழட்டும் என்று எழுதினாயே, அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

இனி நான் கடிதம் எழுதப்போவதில்லை.

செல்வம்மாள்


பெங்களூர்
20-10-1956

அண்ணிக்கு,

தீபாவளி நெருங்குகிறது. தாங்கள் நலமாக இருக்க வேண்டும். எழுதப்போவதில்லை என்றீர்கள். ஆகவே பதிலை எதிர்பார்க்கும் தகுதி இல்லாமல் எழுதுகிறேன்.

வக்கீல் ஐயா ஆட்குறைப்பு செய்தார். நான் வேலையில் இல்லை. பட்டு வியாபாரி கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றது ஒரு காரணமாக இருக்கலாம். ஓசூர்க் கோர்ட்டில் ஒரு வக்கீல் தையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய் ஐந்தாம் வீடு காலியாகும் என்று ஆஞ்சப்பனைப் பார்த்தபோது சொன்னான்.

உரிமை கேட்கவில்லை. குடியிருக்கக் கேட்கிறேன். சரோஜாவுக்கு இது மாதம் ஆறு. அவள்தான் எழுதச் சொன்னாள்.

நாராயணப்பன்


ஓசூர்
14-11-1956

தம்பி நாராயணப்பனுக்கு,

நான் சுகம். சரோஜாவுக்கு ஆறு மாதம் என்பதை இவ்வளவு கடைசியில் எழுதுகிறாயே, உனக்கு எது முக்கியம் என்று எப்போதுதான் தெரியப்போகிறது? அவள் நன்றாகச் சாப்பிடுகிறாளா? முருங்கைக்கீரை கொடு. பஸ் தூக்கிப் போடும், முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வா.

ஐந்தாம் வீடு முந்தாநாளே காலியாகிவிட்டது. மறுநாள் காலையில் தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏழு நாள் என்றாலும் எனக்கு ஒரு நாள் போதும். பத்து நாளில் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் நானே குடிவைக்கலாம். இந்தத் தடவை வேறு யாரும் கேட்கவில்லை என்று குமாஸ்தா சொன்னார். எடுத்துக்கொண்டால் சரோஜா பிள்ளை பெறும்வரை என்னோடு இருக்கட்டும். அதில் பேச்சில்லை.

வாடகை மற்றவர்களுக்கு என்னவோ அதுதான். ஒரு ரூபாய் குறைக்கவும் மாட்டேன், கூட்டவும் மாட்டேன். ஐந்தாம் தேதிக்குள் தர வேண்டும். ரசீது உண்டு.

பதினோரு மாத ஒப்பந்தம் இரண்டு பிரதி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நானே எழுதினேன், டீச்சர்கூடத் திருத்தவில்லை. உன் பெயருக்கு எழுதவில்லை. குடியிருப்பவர் பெயர் சரோஜம்மாள். நாளைக்கு நீ என்ன யோசித்தாலும், எந்த ஆபீசில் எதை எழுதிக் கொடுத்தாலும், அவளையும் குழந்தைகளையும் அந்த வீட்டிலிருந்து யாரும் கிளப்பக்கூடாது. காகிதத்தை அவள் கையில் கொடு. மெதுவாகப் படிப்பாள், இருந்தாலும் அவளே படிக்கட்டும். நீ விளக்க வேண்டாம். சம்மதமானால் கையெழுத்துப் போடட்டும், இல்லையென்றால் என்ன மாற்ற வேண்டும் என்று அவளே எனக்கு எழுதட்டும்.

கடைசியில் சாட்சிக்கு ஓர் இடம் விட்டிருக்கிறேன். அங்கே நீ போடலாம்.

இப்படிக்கு,
அண்ணி செல்வம்மாள்